உழைப்பவரின் கூலியும் பிள்ளையின் பள்ளிப் பையும்





ஜும்ஆ மேடையில் தொழுகையையும் நோன்பையும் பேசினால் போதாதா, கூலி, கடன், சம்பாத்தியம் பற்றியெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். இதற்கு விடை கலீஃபாக்களின் குத்பாவிலேயே இருக்கிறது. மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரழி) அவர்கள் ஆற்றிய ஒரு குத்பாவின் சில செய்திகளை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தா நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். கைத்தொழில் எதுவும் அறியாத அடிமைப் பெண்ணைச் சம்பாதித்து வரும்படி கட்டாயப்படுத்தினால் அவள் கற்பை விற்க நேரிடும் என்றும், சிறு பிள்ளையைச் சம்பாதிக்கக் கட்டாயப்படுத்தினால், ஒன்றும் கிடைக்காத நாளில் அவன் திருடத் துணிவான் என்றும் அந்தக் குத்பாவில் அவர்கள் எச்சரித்தார்கள்.

இதைக் கூர்ந்து கவனியுங்கள். திருடிய பிள்ளையை என்ன செய்வது என்று அவர்கள் பேசவில்லை. அவன் தோளில் சம்பாத்தியத்தின் சுமையை ஏற்றி வைத்தவர்களைப் பார்த்துப் பேசினார்கள். குற்றம் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்தவரின் பேச்சு அது.

ஆண்டுகள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் உருண்டோடிவிட்டன. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2024இல் உலகெங்கும் 13 கோடியே 80 லட்சம் குழந்தைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்தனர். அவர்களில் 5 கோடியே 40 லட்சம் பேர் உடலுக்கும் உயிருக்கும் ஆபத்தான வேலைகளில் இருந்தனர். 2020இல் இந்த எண்ணிக்கை 16 கோடியாக இருந்தது. குறைந்திருக்கிறது என்பது உண்மையே. எனினும் 2025ஆம் ஆண்டுக்குள் குழந்தைத் தொழிலை அறவே ஒழிப்போம் என்று உலக நாடுகள் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை.

இந்தப் பிள்ளைகள் பெரிய ஆலைகளின் வாசலில் வரிசையில் நிற்பவர்கள் அல்லர். வயலிலும், வீட்டுத் திண்ணையிலும், தேநீர்க் கடையிலும், கட்டடம் கட்டும் இடத்திலும் இருப்பவர்கள். சம்பளச் சீட்டு இல்லாத, எழுதிய ஒப்பந்தம் இல்லாத, நோயுற்றால் விடுப்பு இல்லாத வேலைகள் அவை. இத்தகைய அமைப்புசாராத் தொழிலில் உலகில் 200 கோடிப் பேர் உழைக்கிறார்கள் என்று 2018இல் அதே தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. பெரியவருக்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை என்ற இடத்தில் கூலி குறைகிறது. அவர் கூலி குறையும் வீட்டில்தான் பிள்ளையின் கை வேலைக்கு இழுக்கப்படுகிறது. இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது இந்த ஒரு தொடர்பைத்தான்.

குறைத்து அளக்கும் தராசு

எங்கோ இருக்கும் ஊரைத் தேட வேண்டாம். திருநெல்வேலி மேலப்பாளையத்திலும் கடையநல்லூர் வட்டாரத்திலும் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றி வருகிறார்கள். (புகையிலை பற்றிய மார்க்கச் சட்டம் தனியே பேச வேண்டிய ஒன்று. இன்று நாம் பேசுவது சுற்றும் கையைப் பற்றி.) இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். ஆயிரம் எண்ணிக்கைக்கு இவ்வளவு கூலி என்பது கணக்கு. கை பழகியவளுக்கே ஆயிரம் முடிக்க ஒரு பகல் முழுதும் போய்விடும்.

ஆனால் ஆயிரம் பீடிக்கென்று நிறுத்துக் கொடுக்கப்படும் இலை பல இடங்களில் ஆயிரத்துக்குப் போதுவதில்லை. குறையும் இலையை அவள் தன் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். திரும்ப ஒப்படைக்கும்போதோ எண்ணிக்கை முழுதாக இருந்தாக வேண்டும். சரியில்லை என்று கழித்துப் போட்டவற்றுக்குக் கூலி கிடையாது. கழித்தவை அவள் கைக்குத் திரும்பி வருவதும் கிடையாது.

அல்முதஃப்ஃபிஃபீன் என்ற அத்தியாயத்தை (83) நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களுக்குக் கேடுதான் என்று அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அரிசிக் கடைக்காரரையும் துணிக் கடைக்காரரையும் மட்டுமே நினைத்துக்கொண்டு நாம் அதைக் கடந்து போகிறோம். இலையைக் குறைத்துக் கொடுத்துப் பீடியை முழுதாக வாங்குபவர் அந்த வசனத்துக்கு வெளியிலா நிற்கிறார்? இத்தனைக்கும் அவர் முதல் வரிசையில் தொழுபவராகக்கூட இருக்கலாம்.

தாய்க்கு ஏற்பட்ட அந்தக் குறையை யார் ஈடுகட்டுவது? பள்ளி விட்டு வந்த மகள் முதலில் முனை மடக்க உட்காருகிறாள். பிறகு இலை வெட்டக் கற்கிறாள். கணக்கு அதிகமான நாட்களில் பள்ளிக்குப் போகாமல் இருக்கிறாள். ஒரு நாள் பள்ளிப் பை ஆணியிலேயே தொங்கிவிடுகிறது. யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆகவே இதைக் குழந்தைத் தொழில் என்று நாம் சொல்வதும் இல்லை; "அம்மாவுக்கு ஒத்தாசை" என்கிறோம்.

சட்டமும் இந்த வாசலில் வெகுகாலம் கண்ணை மூடிக்கொண்டது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றும் வேலையில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஈடுபடுத்தத் தடை விதித்தது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் தொழிலுக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. அப்போதும் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடம் விடப்பட்டது. சட்டம் விட்டுவைத்த இடைவெளி மறுமையின் கேள்வி கணக்கில் நமக்குச் சான்றாகுமா?

இதில் மனம் நோகும் செய்தி இன்னொன்று உண்டு. பீடி சுற்றத் தெரிந்த பெண், பீடிக் கணக்குப் புத்தகம் உள்ள பெண் என்பது சில ஊர்களில் திருமணப் பேச்சில் ஒரு தகுதியாகவே எண்ணப்பட்டது. சிறு வயது முதல் அவள் விரல் தேயச் சுற்றிச் சேர்த்த காசு, கைக்கூலி என்ற பெயரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. பெயரைப் பாருங்கள், கைக்கூலியாம்! யாருடைய கையின் கூலி அது?

மத்யன் நகரத்தின் ஒப்பந்தம்

மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டு அகதியாக மத்யன் வந்து சேர்ந்த வரலாற்றைக் குர்ஆன் 28ஆம் அத்தியாயத்தில் சொல்கிறது. கிணற்றடியில் ஆண்கள் கூட்டம் நெருக்கியடித்து நிற்க, இரண்டு பெண்கள் தம் ஆடுகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்கிறார்கள் மூஸா (அலை). தம் தந்தை மிகவும் முதியவர் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். உழைக்கும் வலிமையுள்ள ஆண் துணை வீட்டில் இல்லாததால் அவர்கள் வெளியே வந்து நின்றார்கள். பிறகு நடந்தது என்ன? வலிமையும் நாணயமும் உள்ள இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று மகளே தந்தையிடம் யோசனை சொல்கிறாள். சுமை மகள்களின் தோளிலிருந்து கூலி பேசி அமர்த்தப்பட்ட ஓர் ஆண்மகனின் தோளுக்கு மாறுகிறது.

அந்தப் பெரியவர் பேசிய பேச்சு ஒவ்வொரு முதலாளியும் பாடம் பண்ண வேண்டியது. வேலைக்காலம் எட்டு ஆண்டுகள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதைப் பத்தாக்குவது மூஸாவின் விருப்பம், கட்டாயமில்லை என்கிறார். தமக்கு அவரை வருத்தும் எண்ணம் இல்லை என்றும் தெரிவிக்கிறார். பேசியதற்கு இருவரும் அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். காலம், கூலி, எல்லை, சாட்சி என நான்கும் வேலை தொடங்கும் முன்பே தெளிவாகிவிட்டன. இதற்குள் இன்னோர் உண்மையும் இருக்கிறது. அங்கே பெண்ணை மணப்பதற்காக மாப்பிள்ளை ஆண்டுக்கணக்கில் ஆடு மேய்த்தார். நம் தெருவில் மாப்பிள்ளைக்காகப் பெண் ஆண்டுக்கணக்கில் பீடி சுற்றுகிறாள்.

சபுராளியின் கண்ணீர்

இனி நம் வீட்டு ஆண்களின் கதைக்கு வருவோம். 1970களில் வளைகுடாவில் எண்ணெய் வளம் பெருகியது முதல் நம் ஊர்களின் இளைஞர்கள் பெட்டி கட்டிப் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2024இல் மட்டும் வெளிநாடு வாழ் இந்தியர்கள் தாயகத்துக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகிலேயே மிக அதிகமாகப் பணம் பெற்ற நாடு நம் நாடுதான். மாடி வீடுகளும் மதரஸாக்களும் அந்தப் பணத்தில் எழுந்தவை. அதை மறப்பது நன்றி கெட்ட செயல்.

ஆனால் அந்தப் பணம் வீட்டுக்கு வந்து சேரும் முன் எங்கெங்கே தங்குகிறது என்று பாருங்கள். விசாவுக்கென்று முகவர் கேட்கும் தொகைக்காக மனைவியின் நகை அடகுக்குப் போகிறது; போதாததற்கு வட்டிக்கு வாங்கப்படுகிறது. ஆள் அனுப்பும் முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல், வரி நீங்கலாக, வாங்கக்கூடாது என்று 2017இல் மத்திய அரசு வரம்பு வைத்தது. அந்த வரம்பை மதித்த முகவர் எத்தனை பேர் என்று உங்கள் தெருவில் விசாரித்தாலே தெரிந்துவிடும். போன முதல் ஆண்டு முழுதும் அவர் அனுப்பும் பணம் கடன்காரரின் கைக்கே போகிறது. ஊரார் பார்வையில் அது சபுராளி வீடு. உள்ளே அடுப்பு எரிவது தாயின் பீடிக் கூலியில். மூத்த மகன் பத்தாவது முடிக்காமல் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்கிறான். இனாமாகவோ ஜகாத்தாகவோ யாரும் கொடுக்க மாட்டார்கள். வாப்பாதான் வெளிநாட்டில் இருக்கிறாரே!

சென்ற இடத்தில் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தால் ஓரிரு ஆண்டில் கரையேறிவிடலாம். கிடைக்காதபோதுதான் குடும்பமே முழுகுகிறது. மாதக்கணக்கில் சம்பளம் நின்றுபோய், முகாம் அறையில் பட்டினி கிடந்து, தொலைபேசியில் மட்டும் "நல்லா இருக்கேன்" என்று சொன்னவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக் கொரோனாப் பேரிடரில் சம்பள பாக்கியை விட்டுவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறியவர்கள் ஏராளம். இந்த அநீதி பற்றிய குரல்கள் எழுந்ததால்தான் ஐக்கிய அரபு அமீரகம் 2009இல், ஊதியத்தை வங்கி வழியாகக் குறித்த நாளில் செலுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கத்தார் 2020இல் வேலை மாறுவதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதியை நீக்கி, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சட்டம் செய்தது. ஏட்டில் உள்ளது எல்லா இடத்திலும் நடப்பில் இல்லை. எனினும் ஒரு தொடக்கம் அது.

அன்பர்களே! இப்போது ஒரு கசப்பான கேள்வியைக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூலிக்காக அழுத அதே சகோதரர் ஊருக்கு வந்து வீடு கட்டுகிறார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன செய்கிறார்? "பூச்சு வேலை முடியட்டும், மொத்தமாக வாங்கிக்கொள்" என்கிறார். கிரகப்பிரவேசம் போல் விருந்து நடத்தி ஊருக்குச் சோறு போட்ட பிறகும் தச்சருக்குப் பாதிப் பணம் நிற்கிறது. தச்சர் வாரம் ஒரு முறை வந்து வாசலில் நிற்கிறார். இவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லியனுப்புகிறார். அமீரகத்து முதலாளிக்குச் சட்டம் போடச் சொன்னோம். நம் வீட்டு வாசலுக்கு யார் சட்டம் போடுவது?

உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தது நாம் அறிந்ததே (நூல்: இப்னு மாஜா). வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பதை அவர்கள் அநியாயம் என்றே பெயரிட்டார்கள் (நூல்: புகாரி). இவற்றைவிடக் கடுமையானது, மறுமையில் அல்லாஹ் தானே எதிர்வாதியாக நிற்கப்போகும் மூவரைப் பற்றிய ஹதீஸ் குத்ஸி (நூல்: புகாரி). ஒருவர், அல்லாஹ்வின் பெயரால் வாக்களித்து மோசடி செய்தவர். அடுத்தவர், சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவர். மூன்றாமவர், வேலையாளிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர். மனிதனை விற்றவருக்கு அடுத்த இடம் கூலியைப் பிடித்து வைத்தவருக்கு! தச்சரின் மகன் இந்த ஆண்டு பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் தந்தையோடு இழைப்புளி பிடிக்க வந்திருந்தால், அந்தக் கணக்கிலும் நமக்குப் பங்கு இல்லை என்று எப்படிச் சொல்வோம்?

"வளர்க்கிறோம்" என்ற சொல்

வசதியான சில வீடுகளில் எட்டு வயது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பாள். ஏழை உறவின் பிள்ளை. "நாங்கள்தான் வளர்க்கிறோம்" என்பார்கள். அவ்வீட்டுப் பிள்ளைகள் பள்ளி வண்டி ஏறும்போது இவள் வாசல் கூட்டிக்கொண்டிருப்பாள். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைப்பதை 2006 அக்டோபர் 10 முதல் சட்டம் தடை செய்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டினால் சிலர் மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள்: அனஸ் (ரழி) அவர்கள் பத்து வயதில் நபிகளாரின் வீட்டுக்குப் பணிவிடை செய்ய வரவில்லையா?

வந்தார்கள். தாய் உம்மு ஸுலைம் (ரழி) அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். பத்து ஆண்டுகள் இருந்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் "சீ" என்ற ஒரு சொல்லையோ, இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்ற கேள்வியையோ தாம் கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். ஒரு நாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்ட அனஸ், தெருவில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை அவர் பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நபிகள் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். செல்லப் பெயரால் அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்கிறார்கள் (நூல்: முஸ்லிம்). அந்த வீட்டில் வளர்ந்த சிறுவர், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை உம்மத்துக்கு அறிவித்த பேரறிஞர் ஆனார். நம் வீட்டுச் சிறுமி பத்து ஆண்டு கழித்து என்னவாக வெளியே போகப் போகிறாள்? அதைச் சொல்லிவிட்டு அனஸ் (ரழி) அவர்களின் பெயரை எடுப்போம்.

ஆனால் ஒன்று. சிறுமியை இன்றே அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பங்களாதேசத்தில் நடந்ததை அறிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் உழைத்த பொருட்களை இறக்குமதி செய்யக்கூடாது என்று 1992இல் அமெரிக்காவில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவே இல்லை. ஆயினும் அதற்கு அஞ்சி ஆடைத் தொழிற்சாலைகள் ஆயிரமாயிரம் பிள்ளைகளை, பெரும்பாலும் சிறுமிகளை, வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்குப் போனார்களா? பலர் கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள்; சிலர் அதைவிட இழிந்த நிலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்று பின்னர் யுனிசெஃப் தேடிப் பார்த்துச் சொன்னது. உஸ்மான் (ரழி) அவர்களின் எச்சரிக்கை கண் முன் நடந்தது போலத்தான் இருந்தது. அதன்பின் 1995 ஜூலையில் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் ஓர் உடன்படிக்கை செய்தன: பள்ளி இடம் தயாராகும் வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது, பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு உதவித்தொகை தரப்பட வேண்டும். பிள்ளை கொண்டுவந்த கூலிக்கு மாற்று வைக்காமல் பிள்ளையை மட்டும் மீட்க முடியாது என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நம்மிடம் அந்த மாற்று ஏற்கெனவே இருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுக் கூட்டத்தாரில் ஏழைகளோடு கடன்பட்டோரையும் குர்ஆன் (9:60) சேர்த்திருக்கிறது. ரமளானில் நாம் கொடுப்பது ஆளுக்கு நூறும் ஒரு சேலையுமாகச் சிதறிப் போகிறது. அதே தொகையை மஹல்லாவின் பைத்துல்மாலில் சேர்த்தால், விசாக் கடனில் தவிக்கும் ஒரு குடும்பத்தின் வட்டியை இந்த ஆண்டே அறுக்கலாம். படிப்பை நிறுத்திய மகனின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்து, பள்ளி இறுதி வரை அதை வீட்டுக்குக் கொடுக்கலாம். நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவும் மேடையும் மாலையும் இதற்குத் தேவையில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வார்த்தை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். நானும் பள்ளிவாசல் சம்பளம் வாங்குபவன் என்பதால் தயக்கத்தோடே சொல்கிறேன். பல ஊர்களில் முஅத்தினுக்கும், ஹவுளைக் கழுவும் முதியவருக்கும், மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப் கற்பிக்கும் உஸ்தாதுக்கும் இரண்டு மூன்று மாதச் சம்பளம் பாக்கி நிற்கிறது. மினாராவுக்குப் புதுச் சாயம் பூசுவதற்கு முன் அந்தக் கணக்கு தீர வேண்டும். உஸ்தாதின் மகன் விடுமுறையில் கடைக்கு வேலைக்குப் போகிறான் என்பதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி குர்ஆன் (62:10) நம்மை அனுப்பி வைக்கிறது. இன்று அப்படிப் புறப்படும்போது, உங்கள் வீட்டில் வேலை செய்துவிட்டுப் பாக்கிக்காகக் காத்திருப்பவர் யார் என்று வாசல்படியில் நின்று நினைத்துப் பாருங்கள். கொத்தனார், தச்சர், துணி தைத்தவர், பாத்திரம் துலக்கும் பெண் என யாராகவும் இருக்கலாம். அவர் கேட்டு வருவதற்கு முன், அஸர் பாங்கு சொல்வதற்குள், அவர் வீட்டைத் தேடி நீங்களே நடந்து போய்ப் பணத்தை அவர் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.